கோபிகோவிலிருந்து டோப்ளரோன் வரை

அவள் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் திருத்தங்கலில் பாதிப் பேருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும்; மீதிப் பேருக்குப் பேர் இல்லாமலேயே தெரியும். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு நான் வேலைக்குப் போன முதல் நாள் அது. கம்பெனி வேன் காலையில் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று பெண்களை அள்ளிக்கொண்டு போகும். எனக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அக்கா கடைசி ஆளாக ஏறினாள். நல்ல உயரம், ஒல்லி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். முன் வரிசையில் ஆரம்பித்து ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் புது ஆள் என்று ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள்.

“என்னக்கா விசேசம்?” என்றேன். யாருக்காவது பிள்ளை பிறந்திருக்கும், இல்லை யாராவது பரீட்சையில் பாஸாகியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

“நேத்து எங்க வீட்ல அடி. எடுத்துக்கிடு,” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். கேலி செய்கிறாள் என்று பட்டது. வேனில் வேறு யாரும் சிரிக்கவில்லை. மும்முரமாகத் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த சண்முகத்தாய் பெரியம்மா என் காதோரம் குனிந்து, “பயப்படாத. கோபிகோதான். சின்ன அடி,” என்றாள்.

அந்த இந்தோனேசியக் காபி மிட்டாய் வேன் சாத்தூர் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் என் வாயில் கிடந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் சிவகாசி பஜாரில் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தார். துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று போய் வருகிறவர்கள் கொண்டுவந்து போடுகிற சென்ட், சோப்பு, தலைவலித் தைலம், எல்லாவற்றுக்கும் மேலே சாக்லேட். கண்ணாடி அலமாரி முழுக்க அடுக்கி வைத்திருப்பார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சின்னதாகச் சந்தனம், வாயைத் திறந்தால் தேன். “வாங்கம்மா, என்ன வேணும், பிள்ளைக்கு இத ஒண்ணு குடுங்க, துட்டு வேண்டாம்,” என்பார். கடையில் அந்த ஆள் குரலை உயர்த்திப் பேசி ஒருத்தரும் கேட்டதில்லை. குரல், கை, பெல்ட் எல்லாவற்றையும் அவர் வீட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்தார். கடை வரும்படி அவர் கௌரவத்துக்கு. வீட்டுச் செலவு அக்கா பட்டாசுக்கு வந்து சம்பாதிப்பதில். அதனால்தான் அவ்வளவு பெரிய கடைக்காரர் பெண்டாட்டி எங்களோடு வேனில் வந்தாள்.

அடித்து முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிடுமாம். கடையைத் திறந்து ஒரு சாக்லேட் எடுத்துவந்து அவள் மடியில் வைப்பாராம். “தின்னு” என்பாராம். அவள் கையில் வாங்குகிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாராம். வாங்கிவிட்டால் முகம் தெளிந்து, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவாராம். இதையெல்லாம் அக்கா வேனில் சொல்லுவாள், அரிசி விலை சொல்வது மாதிரி.

ஒரு அறை, இரண்டு அறை என்றால் கோபிகோ. கீழே தள்ளி மிதித்திருந்தால் ஸ்னிக்கர்ஸ் அல்லது பவுண்டி. பெல்ட் என்றால் ஃபெரெரோ ரோஷர், தங்கத் தாள் சுற்றியது. தையல் போடுகிற அளவுக்குப் போனால் டோப்ளரோன், அந்த முக்கோண டப்பாவில் மலை மலையாக வருமே, அது. வேன் ஜன்னல் கம்பியில் தட்டி உடைத்துப் பங்கு வைப்போம். அக்கா ஏறும்போதே நாங்கள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டோம், கையைத்தான் பார்ப்போம். இன்றைக்கு என்ன சாக்லேட் என்று தெரிந்தால் என்ன அடி என்று தெரிந்துவிடும். சில சின்னப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே, “அந்த அக்கா வந்தா எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வாம்மா,” என்று சொல்லி அனுப்பும். என்ன ஜென்மங்களோ நாம் என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் என் பங்கை நானும் வாங்கினேன்.

ஒருமுறை சீன நாட்டு வொயிட் ராபிட் கொண்டுவந்தாள். முயல் படம் போட்ட தாளுக்குள் கண்ணாடி மாதிரி இன்னொரு மெல்லிய தாள். அதை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் ஆளாளுக்கு நகத்தால் சுரண்டினார்கள். “அது அரிசித் தாளு. அப்படியே தின்னணும். எங்க வீட்டுக்காரரு சொல்லிக் குடுத்தாரு,” என்றாள் அக்கா. பேசும்போது கீழுதட்டில் காய்ந்திருந்த வெடிப்பு பிளந்தது, ஒரு சொட்டு ரத்தம் தாடைக்கு வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அவள் மட்டும் ஒன்றுகூடத் தின்றதில்லை. “எனக்கு இனிப்பு ஆகாது,” என்பாள். மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டகையில் சாத்தூர்க் காராச்சேவை ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு நொறுக்குவாள். பல் ஆடிக்கொண்டிருந்த நாட்களிலும் ஒரு பக்கமாக ஒதுக்கி நொறுக்குவாள்.

எங்கள் பக்கத்தில் அடி வாங்காத பெண் உண்டா என்ன! ஆனால் யார் வாயிலிருந்தும் அந்தச் சொல் வராது. கதவு இடித்தது, மாடு முட்டியது, அடுப்பு மேடையில் மோதிக்கொண்டேன், இப்படித்தான். சண்முகத்தாய் பெரியம்மா ஒரு நாள் முழங்கை வீங்கி வந்தாள். என்ன பெரியம்மா என்று கேட்டதற்கு, “பாத்ரூம்ல வழுக்கிருச்சுத்தா,” என்றாள்.

அக்கா முன் வரிசையிலிருந்து திரும்பினாள். “உங்க வீட்ல பாத்ரூமே கெடையாதே பெரியம்மா.”

வேனே வெடித்துச் சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “அடின்னு சொல்லுங்க. விழுந்துட்டேன்னு சொன்னா தரைக்குத்தான் கெட்ட பேரு,” என்றாள். அதற்குப் பெரியம்மா, “நீ சொல்லி என்னத்தக் கண்ட? பொறுத்துத்தாம் போகணும்,” என்று முறைத்தாள். பொறுத்துப் போ, பொறுத்துப் போ என்று அந்த வேனில் அவள் சொல்லாத நாள் கிடையாது.

இந்தத் தீனி எல்லாம் கம்பெனி கேட்டுக்கு வெளியேதான். உள்ளே எதுவும் ஆகாது. செல்போன், ஊக்கு, செருப்பு, பாலியஸ்டர் சேலை, வெள்ளித் தாள் ஒட்டிய எந்தக் கருமாந்திரமும் ஆகாது. கேட்டில் ஒரு பெண் நின்று எங்கள் இடுப்பு, முதுகு, கொண்டை எல்லாம் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். செல்போனை எல்லாம் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுக்கொள்வாள். அதனால் கேட்டுக்கு முன்னால் சாக்லேட்டைத் தின்று தீர்த்துவிட வேண்டும். தங்கத் தாளும் சிவப்புத் தாளும் கேட்டோரக் குப்பைத் தொட்டியில் கிடக்கும். வாட்ச்மேன் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு பலமா?” என்று கேட்பார். அந்த ஆளை நாலு அறை அறையலாம் என்றிருக்கும்.

ஒரு நாள் பக்கத்து யூனிட் வெடித்தது.

சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்துவிடும். செருப்பில்லாத கால், தரை துள்ளியது. நான் சரம் பின்னிக்கொண்டிருந்தேன். கூரை ஓடு சடசடவென்று விழுந்தது. எழுந்து ஓடினோம். எங்கள் ஷெட்டும் பிடித்துக்கொள்ளும் என்று, முள்ளும் கல்லும் பார்க்காமல் கருவேலங்காட்டுக்குள் ஓடினோம். திரும்பிப் பார்த்தால் வெள்ளையும் மஞ்சளுமாகப் புகை. அதற்குள்ளிருந்து இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் அலறினாள், அப்புறம் அலறல் நின்றுவிட்டது. அது நின்றதுதான் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த மரப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. உள்ளே கிடந்த எல்லா செல்போனும் ஒன்றாக அடித்தன. எது யாருடையது என்று எடுக்க அங்கே ஆளில்லை. சத்தம் கேட்டு ஊரிலிருந்து ஆண்கள் பைக்கில் வந்து குவிந்தார்கள். மண்ணில் புரண்டு அழுகிறவர்களும், பெண்டாட்டியைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறவர்களுமாக ஒரே கூச்சல்.

அக்காவின் வீட்டுக்காரரும் வந்தார். வெள்ளைச் சட்டையில் பித்தான் மாறிப் போட்டிருந்தார். தலையில் அடித்துக்கொண்டு அவள் பேரைச் சொல்லிக் கத்தினார். அக்கா புழுதியும் முள்கீறலுமாக எங்களோடு நின்றாள். பார்த்துவிட்டார். ஓடி வந்தார். வந்த வேகத்தில் ஓங்கி ஒரு அறை. அவள் என் மேல் வந்து விழுந்தாள்.

“எத்தன தடவ போன் அடிச்சேன்! எடுக்கத் தெரியாதா உனக்கு? எங்கடி போய்த் தொலைஞ்ச?”

இன்னொரு அறை. முடியைப் பிடித்து இழுத்து வயிற்றில் முழங்காலால் ஏற்றினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நூறு பேர் நின்று பார்த்தோம். போர்மேன், “குடும்ப விசயம், விடுங்க,” என்றார். எனக்குப் பக்கத்தில் ஒருத்தி, “பாத்தியா, எம்புட்டுப் பாசம்னு,” என்றாள். பாசமாம்! அவள் வாயை அங்கேயே தைக்கலாம் போல் இருந்தது எனக்கு.

கம்பெனியை மூடி மறுபடி திறந்த அன்று அக்கா டோப்ளரோன் கொண்டுவந்தாள். இருக்கிறதிலேயே பெரியது. ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். “துட்டி விழுந்த இடத்துக்குப் போறோம். இனிப்புக் குடுக்கியேக்கா.”

“அங்கன செத்தவுகளுக்குப் பேப்பர்ல பேரு வந்துச்சு. எனக்கு இதான் வரும். தின்னு,” என்றாள் அக்கா. அவள் உடைத்த துண்டை அந்தப் பெண் வாங்கித் தின்றாள்.

எனக்கு நிச்சயமானது அந்த வருசம்தான். மாப்பிள்ளை விருதுநகர். மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் வேலை. பக்கத்தில் வந்தால் நமக்குத் தும்மல் வரும். நிச்சயம் முடிந்து முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஆசையாக ஒரு டப்பா நீட்டினார். ஃபெரெரோ ரோஷர். என் அம்மா டப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பிடித்து இழுத்து, கன்னத்தைத் திருப்பிப் பார்த்து, கையைத் தூக்கிப் பார்த்து, “என் பிள்ளைய என்ன செஞ்சீக?” என்று அவர் மேல் பாய்ந்துவிட்டாள்.

பாவம் மனிதர், ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றுவிட்டார். “அத்த, நான் இப்பத்தான வாரேன்!”

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். வேனையும் அக்காவையும் அந்தக் கடையையும். எங்கள் ஊரில் அந்த டப்பாவைக் கொண்டு ஒரு ஆம்பிளை வீட்டுக்குள் நுழைந்தால், யார் அடி வாங்கியது என்று கேட்கிற காலம் வந்துவிட்டதையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு பைக்கில் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார், கல்யாணம் நின்றது என்று அம்மா ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாள்.

கோபம் எல்லாம் இல்லை. டப்பாவை வாங்கியதும் அந்தக் கடையில்தானாம்; நேரே அங்கே போயிருக்கிறார். கடை நிறைய ஆள் நிற்கும்போது டப்பாவை மேஜையில் வைத்து, “இத வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நீங்க வீட்ல அடிச்சுட்டு இதத்தான் குடுப்பீகளாம். எனக்கு வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். காசைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. என் மாப்பிள்ளையை எனக்கு முழுசாகப் பிடித்ததும் அன்றைக்குத்தான், வெட்டிப் போடலாம் என்று வந்ததும் அன்றைக்குத்தான். அன்று அக்கா வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமே!

மறுநாள் அக்கா வெறுங்கையோடு ஏறினாள். அதற்கு மறுநாளும் வெறுங்கை. பல வாரம் அப்படியே போனது. முகத்தில் ஒரு கீறல் இல்லை, கையில் ஒரு கோபிகோ இல்லை. வெளியே தெரிந்து மானம் போனதில் ஆள் திருந்திவிட்டார் என்று வேன் முழுக்கப் பேச்சு. என் மாப்பிள்ளை செய்தது நல்லதுக்குத்தான் போல என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு காலையில் கேட்டில் சோதனை போடுகிற பெண் வழக்கம்போல் அக்காவின் முதுகைத் தடவினாள். அக்கா அம்மா என்று அலறிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தடுப்புக்குள் கூட்டிப்போய் ரவிக்கையை அவிழ்த்துப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். முதுகு முதுகாக இல்லை. பழைய தழும்பின் மேல் புது வெட்டு, பெல்ட் பக்கிள் பதிந்த இடத்தில் சீழ். திருந்தவில்லை, முகத்தை விட்டுவிட்டு மற்ற இடத்துக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். சாக்லேட்டை நிறுத்தியதுதான் அவர் செய்த ஒரே மாற்றம்.

“ஏங்க்கா சொல்லல?” என்று அழுதேன்.

“கையில ஒண்ணுமில்லாம எப்படிட்டி சொல்றது?” என்றாள். “அவரு குடுக்காட்டி என்ன. இனிமே நானே எடுத்துட்டு வாரேன்.”

அப்படித்தான் செய்தாள். அடி விழுந்த மறுநாள் விடியும் முன் கடைச் சாவியை எடுத்துப் போய், அடிக்குத் தகுந்த சாக்லேட்டை அவளே அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். அதற்கு அவர் திருட்டுச் சிறுக்கி என்று அடிப்பார். அந்த அடிக்கும் சேர்த்து அடுத்த தடவை அள்ளுவாள். அவர் பூட்டை மாற்றினார். இவள் பூட்டைக் கல்லால் உடைத்தாள். மார்ஸ், ட்விக்ஸ், கேலக்ஸி, ஹெர்ஷீஸ், ஜெர்மன்காரன் கரடி மிட்டாய் ஹரிபோ வரைக்கும் வந்தது. எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. “வேண்டாம்க்கா, இதுனாலதான நீ இன்னும் வாங்குற. விட்ருக்கா,” என்று கெஞ்சினோம். வாங்காமல் கையை மடக்கிக்கொண்டவர்களின் விரலைப் பிரித்து உள்ளே வைத்து மூடினாள். “தின்னுங்க,” என்றாள். “தின்னாத்தான் உண்டு.” அந்தப் பிடிவாதம் எனக்குப் பயமாக இருந்தது. இவள் சாவதற்கு முன் ஓய மாட்டாள் என்று பட்டது.

தீபாவளி சீசன் உச்சத்தில் ஒரு காலை. வேன் வந்து நின்றுவிட்டது, நாங்கள் ஏறிவிட்டோம். அக்கா ரோட்டைக் கடந்து வந்தாள். இடது கையில் அணைத்தபடி ஒரு பெரிய தகர டப்பா, குவாலிட்டி ஸ்ட்ரீட். வலது கையைத் துணியில் சுற்றியிருந்தாள். துணிக்கு வெளியே தெரிந்த இரண்டு விரலும் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தன. அவள் திரி வைக்கிறவள். அந்த விரல்தான் அவளுக்குச் சோறு.

படியில் கால் வைத்தாள். பின்னாலேயே பைக் வந்து நின்றது. அவர் நிதானமாக ஸ்டாண்டு போட்டார். வெள்ளைச் சட்டை, சந்தனம்.

“டப்பாவக் குடு,” என்றார், கடையில் பேசுகிற அதே குரலில்.

அவள் கொடுக்கவில்லை. கொண்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. படியிலிருந்து மல்லாக்க ரோட்டில் விழுந்தாள். டிரைவர் அண்ணன் இறங்கி, “அண்ணாச்சி, ரோட்டுல வச்சு இப்படி…” என்று பக்கத்தில் போனார். “நீ வண்டிய எடு,” என்று அவரை நெஞ்சில் தள்ளிவிட்டு, அக்காவின் விலாவில் மிதித்தார். மறுபடி மிதித்தார். ஒடிந்த கையைச் செருப்புக் காலால் ஏறி மிதித்தபோது அவள் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. டப்பாவைப் பிடுங்கி அவள் தலையில் போட்டார். மூடி தெறித்து, ஊதாவும் பச்சையும் சிவப்புமாக மிட்டாய்கள் தார் ரோட்டில் உருண்டன. அவர் டப்பாவை மறுபடி ஓங்கினார்.

முதலில் இறங்கியது சண்முகத்தாய் பெரியம்மா. பொறுத்துப் போ, பொறுத்துப் போ என்ற அதே கிழவிதான். கையில் மத்தியானச் சோற்றுத் தூக்குவாளி. இரண்டு கையாலும் வாளியைச் சுழற்றி அந்த ஆளின் காதோடு சேர்த்து அடித்தாள். அவர் தடுமாறினார். அதற்குப் பிறகு வேனுக்குள் ஒருத்தியும் இல்லை. வாளி, செருப்பு, குடைக் கம்பு, வெறுங்கை. வெள்ளைச் சட்டை கிழிந்தது. மூக்கு உடைந்தது. நான் செருப்பால் முகத்தில் அடித்தேன். அடிக்க அடிக்க எனக்குப் போதவில்லை. அம்மா, அம்மா என்று அவர் சுருண்டுகொண்ட பிறகும் அடித்தோம். டிரைவர் அண்ணன் குறுக்கே விழாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த ஆள் பிணம்தான்.

ஒருத்தி கீழே கிடந்த மிட்டாயை மண்ணோடு பொறுக்கி அவர் வாயில் திணிக்கப் போனாள். “அடிச்சாச்சுல்ல, இந்தா தின்னு!” எல்லோரும் சிரித்தார்கள்.

“குடுக்காத!” என்றாள் அக்கா. தலையிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிய, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “குடுத்துட்டா தீந்துச்சுன்னு அர்த்தம். குடுக்காத.”

அந்தப் பெண் கையை இறக்கிவிட்டாள். பெரியம்மா தன் முந்தானையைக் கிழித்து அக்காவின் தலையில் கட்டினாள். டிரைவர் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுக்கிறேன் என்றார்.

“மொதல்ல மகளிர் ஸ்டேசனுக்கு விடுங்கண்ணே,” என்றாள் அக்கா.

எல்லோரும் ஏற, வேன் கிளம்பியது. வெறி இறங்கி இப்போது எல்லோருக்கும் பயம் ஏறியிருந்தது. ரோட்டில் ஒரு மனிதனை அடித்துப் போட்டுவிட்டு வருகிறோம். லோடு கிளம்ப வேண்டிய நாள், கம்பெனியில் தேடுவார்கள். வீட்டில் ஆம்பிளைகளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொருத்தியும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஸ்டேசன் வாசலில் வண்டி நின்றதும் அக்கா கம்பியைப் பிடித்து இறங்கினாள். நாங்கள் இறங்கவில்லை.

“நாங்களும் அடிச்சிருக்கோமேக்கா,” என்று முன்னாலிருந்து ஒரு குரல் இழுத்தது. “எங்களையும்ல புடிச்சு உள்ள வச்சிருவாக. நீ போயிச் சொல்லு. நாங்க வெளிய நிக்கோம்.”

அக்கா திரும்பிப் படிக்கு அருகில் வந்து நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“இம்புட்டு வருசமா எதுக்கு ஆளாளுக்குக் கொண்டாந்து குடுத்தேன்? கடைக்கு விளம்பரமா பண்ணுனேன்? அடிச்ச அன்னைக்கு நாலு செவுத்துக்குள்ள யாரு பாத்தா? நாளைக்கு ஒருத்தி, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிரக் கூடாதுன்னுதான் குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் குடுத்தேன். எல்லாரும் தின்னுருக்கீக. எறங்குங்க.”

நெளிந்த வாளியோடு பெரியம்மா எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அப்புறம் மற்றவர்கள், ஒருத்தி பின்னால் ஒருத்தி. நானும் இறங்கினேன்.

அக்காவை உட்கார வைத்து ஒரு பெண் போலீஸ் தண்ணீர் கொடுத்தாள். எஸ்.ஐ. அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு நடந்தது இருக்கட்டும், இதற்கு முன்னால் வீட்டுக்குள் வைத்து அடித்ததற்கு யார் சாட்சி என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றதால் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

“நீ சொல்லும்மா. வீட்ல வச்சு அடிச்சதை எப்பப் பார்த்தே?”

“பாக்கலம்மா.”

“பார்க்கலையா? பின்னே எப்படித் தெரியும்?”

அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

“நான் வேலைக்குச் சேந்த அன்னைக்குக் கோபிகோம்மா,” என்றேன். “பொங்கலுக்கு முந்தின வாரம் ஸ்னிக்கர்ஸ். மாரியம்மன் கோயில் கொடியேத்துன மறுநாள் தங்கத் தாளு. பக்கத்து யூனிட்டு வெடிச்சு, கம்பெனி தொறந்த அன்னைக்கு டோப்ளரோன்…”

எஸ்.ஐ. அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா சொல்றே? சாக்லேட்டா?”

“ஆமாம்மா,” என்றேன். “அடி வாங்கிட்டு வந்து குடுத்தா. நான் தின்னேன்.”